கடலடி புறம்போக்கல்ல

2025ம் ஆண்டு ஏப்ரல் 24ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். சமுத்திரத்தின் அடியில் கிடக்கும் உலோகக் கட்டிகளை அள்ளுவதற்குத் தாமதமின்றி லைசென்ஸ் வழங்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. அமெரிக்கக் கரையை ஒட்டிய கடலோடு அது நிற்கவில்லை. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுச் சமுத்திரத்தையும் சேர்த்துக் கொண்டது. சரியாக ஐந்தாம் நாள், 29ந் தேதி, மெட்டல்ஸ் கம்பெனி என்ற கனடா நாட்டு நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை மனுவோடு வந்து நின்றது. உத்தரவுக்காக மனு காத்திருந்ததா, மனுவுக்காகவே உத்தரவு பிறந்ததா என்று யாராவது கேட்டால் அவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம்.

கம்பெனி கண் வைத்திருக்கும் இடம் பசிபிக் மகா சமுத்திரத்தில், ஹவாய்த் தீவுகளுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே இருக்கிறது. கிளேரியன்-கிளிப்பர்ட்டன் பிரதேசம் என்று அதற்குப் பெயர். சுமார் 45 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியா முழுவதையும் தூக்கி வைத்தாலும் இடம் மிஞ்சும். ஆழம் 4,000 மீட்டரிலிருந்து 5,500 மீட்டர் வரை. "அங்கே என்ன இருக்கிறது? இருட்டும் சேறும்தான். பாலைவனம் போன்ற இடம். அள்ளினால் யாருக்கு நஷ்டம்?" என்பது இந்தத் தொழிலை ஆதரிப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வாதம்.

இந்தப் பேச்சு நம் விவசாயத் தொழிலாளர்களுக்குப் புதிதல்ல. ஊர்ப் பொதுவில் கிடக்கும் மேய்ச்சல் நிலத்தை "சும்மாதானே கிடக்கிறது, புறம்போக்குத்தானே" என்று முதலில் சொல்கிறவர் யார், பிறகு அதைச் சுற்றி வேலி போடுகிறவர் யார் என்பதை அவர்கள் பார்த்தே இருக்கிறார்கள். ஆகவே, கடலடியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்து விடுவோம். வழக்கைப் பிறகு பேசலாம்.

அழுத்தமும் இருளும்

பூமியின் மேற்பரப்பில் நூற்றுக்கு 71 பங்கு கடல். அதன் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். சூரிய வெளிச்சம் 200 மீட்டரைத் தாண்டினால் செடி கொடி வளரப் போதாது. 1,000 மீட்டருக்குக் கீழே அறவே கிடையாது. அதற்கும் கீழே, உலகம் தோன்றிய நாள் முதல் பகல் என்பதே நுழையாத பிரதேசம். உஷ்ணம் பெரும்பாலும் 1 முதல் 4 டிகிரி. மிகப் பெரிய ஆழம் பசிபிக்கில் மரியானா அகழியில், சுமார் 10,900 மீட்டர். எவரெஸ்ட் சிகரத்தை அதில் இறக்கினால் சிகரத்தின் உச்சிக்கு மேலே இன்னும் 2 கிலோமீட்டர் தண்ணீர் நிற்கும்.

அழுத்தம் எவ்வளவு? மில்லில் பாய்லர் பார்க்கும் தோழர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். பாய்லர் மீட்டரில் முள் 10 கிலோவைத் தாண்டப் போகிறது என்றால் எல்லோருடைய கண்ணும் வால்வின் மேல் இருக்கும். மரியானா அகழியின் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் சுமார் 1,100 கிலோ அமுக்குகிறது. கட்டை விரல் நகத்தளவு இடத்தின் மேல் ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரம்.

இந்த பாரத்தோடு விளையாடக் கூடாது என்பதற்கு 2023 ஜூன் மாதம் ஒரு சாட்சி கிடைத்தது. மூழ்கிப்போன டைட்டானிக் கப்பலைக் காட்டுகிறோம் என்று தலைக்கு 2,50,000 டாலர் டிக்கெட் வசூலித்த ஓர் அமெரிக்கத் தனியார் கம்பெனியின் நீர்மூழ்கி, 3,800 மீட்டர் ஆழமுள்ள அந்த இடத்துக்குப் போகும் வழியில் நொறுங்கி ஐந்து பேர் மாண்டார்கள். சுயேச்சையான நிபுணர்களிடம் பரீட்சித்துச் சான்றிதழ் வாங்கும் வழக்கத்தை அந்தக் கம்பெனி வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தது. விபத்து தவிர்க்கக் கூடியது என்று 2025ல் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விசாரணை அறிக்கை சொல்லிற்று.

இரும்பும் எஃகும் நசுங்கும் இடத்தில் மீன் எப்படி வாழ்கிறது? அதன் உடலுக்குள் அமுங்குவதற்குக் காற்றறை இல்லை. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர், இரு பக்கமும் அழுத்தம் ஒன்றே. ஆனால் அது பாதிக் கதைதான். உடலின் நுண்ணிய புரதங்களை அந்த அழுத்தம் கோணலாக்கிவிடும். அதைத் தடுக்க மீன் தன் சதையில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்து வைக்கிறது. மீன் செத்த பிறகு இந்த ரசாயனம் சிதைவதால்தான் சந்தையில் நமக்குத் தெரிந்த மீன் கவிச்சி உண்டாகிறது. ஆழம் கூடக் கூட இந்தச் சரக்கும் கூடுகிறது. ஓரளவுக்கு மேல் சேர்த்தால் உடலில் உப்புச் சத்து மிஞ்சி வெளித் தண்ணீர் உள்ளே பாயும். ஆகவே 8,200 முதல் 8,400 மீட்டர்தான் மீனுக்கு எல்லையாக இருக்க வேண்டும் என்று 2014ல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். 2022ல் ஜப்பானுக்குத் தெற்கே ஓர் அகழியில் இறக்கிய காமிரா, நத்தை மீன் என்ற வெளிறிய சிறு மீன் ஒன்றை 8,336 மீட்டரில் படம் பிடித்தது. கணக்கு பலித்தது. இதுதான் விஞ்ஞானம்.

மீனுக்குத்தான் அந்த எல்லை. கடல் அட்டைகள், புழுக்கள், இறால் இனத்தைச் சேர்ந்த சிறு பிராணிகள் எல்லாம் அகழியின் கடைசி அடி வரை இருக்கின்றன. அவற்றுக்குச் சாப்பாடு? மேல் கடலில் செத்த நுண்ணுயிர்கள், கழிவு, சளி, தூசி எல்லாம் சேர்ந்து இரவும் பகலும் பனித்தூறல் போல இறங்கிக்கொண்டே இருக்கிறது. வழியிலேயே பலர் பறித்துத் தின்றது போக, மிகச் சிறு பங்குதான் அடிக்கு வந்து சேருகிறது. எப்போதாவது ஒரு திமிங்கிலம் செத்து விழுந்தால் அந்த இடத்துக்குப் பெரிய விருந்து. அந்த ஒரு பிணம் பல்லாண்டுகள் ஓர் ஊருக்கே சோறு போடும்.

இப்படி அரைப் பட்டினியில் வாழ்வதால் அங்கே எல்லாம் மெதுவாக நடக்கிறது. கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில் ஒரு பேய்க்கணவாய்த் தாய் தன் முட்டைகளை அணைத்துக்கொண்டு ஒரே பாறையில் இருந்ததை 2007 முதல் 2011 வரை கவனித்தார்கள். 53 மாதங்கள்! போய்ப் பார்த்தபோதெல்லாம் அது இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. எதையும் தின்றதாகத் தெரியவில்லை. இவ்வளவு காலம் அடைகாக்கும் வேறொரு பிராணி உலகத்தில் அறியப்படவில்லை.

"அங்கே உயிர் இல்லை" என்றவர்கள்

கடலடி காலி இடம் என்ற பேச்சு மிகப் பழையது. 1840களில் எட்வர்டு பார்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி கிரீஸ் நாட்டுப் பக்கத்துக் கடலில் வலை போட்டுப் பார்த்துவிட்டு, 300 பாகத்துக்குக் கீழே, அதாவது சுமார் 550 மீட்டருக்குக் கீழே, உயிர் இருக்காது என்று சொன்னார். அவர் பார்த்த கடல் உலகத்தின் மற்றக் கடல்களை விட உயிர் குறைந்த கடல். ஆனாலும் அது சட்டம் போல நிலைத்தது. அதைக் கவிழ்த்ததில் தந்திக் கம்பி வேலைக்குப் பெரும் பங்கு உண்டு. 1860ல் மத்தியதரைக் கடலில் அறுந்துபோன தந்திக் கேபிளைப் பழுது பார்க்க மேலே இழுத்தபோது, சுமார் 2 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வந்த துண்டுகளில் பவளங்களும் சிப்பிகளும் ஒட்டிக்கொண்டு வளர்ந்திருந்தன. உயிர் இல்லை என்ற இடத்தில் உயிர் கேபிளையே பிடித்துக்கொண்டு வந்தது.

அடுத்து பிரிட்டிஷ் கடற்படையின் சாலஞ்சர் கப்பல், பீரங்கிகளில் பெரும்பாலானவற்றை இறக்கி வைத்துவிட்டு, 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றியது. சுமார் 4,700 புதிய ஜீவராசிகளைக் கண்டது. 1875ல் மரியானா அகழிப் பக்கத்தில் கயிறு விட்டு 8 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தை அளந்தது. புத்தகங்களில் அந்தப் பயணத்தின் புகழ் முழுவதும் விஞ்ஞானிகளுக்குப் போகிறது, போகட்டும். ஆனால் மைல் கணக்கில் கயிற்றை இறக்கி, மணிக்கணக்கில் மறுபடி இழுத்தது மாலுமிகளின் கைகள். கப்பி பிய்ந்து தெறித்து ஒரு சிறுவன் மாலுமி செத்தான். பலர் வேலை பொறுக்க முடியாமல் துறைமுகங்களில் ஓடிப்போனார்கள். ஜோசப் மாட்கின் என்ற இளம் ஸ்டோர் உதவியாளர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1992ல்தான் புத்தகமாக வந்தன. கீழ்த்தட்டில் இருந்தவர்கள் அந்தப் பயணத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

1951ல் டென்மார்க்கின் கலாதியா கப்பல் பிலிப்பைன்ஸ் அகழியில் 10,000 மீட்டருக்குக் கீழிருந்து கடற்சாமந்தியையும் கடல் அட்டையையும் எடுத்தது. 1960 ஜனவரி 23ந் தேதி ஜாக் பிக்கார்டு, டான் வால்ஷ் என்ற இருவர் திரியெஸ்தே என்ற கலத்தில் மரியானா அகழியின் அடிக்கே இறங்கினார்கள். இறங்கவே கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அடியில் இருந்தது இருபது நிமிஷம்.

அந்த நாட்களிலேயே இந்தக் "காலி இட" வாதத்துக்கு ஒரு விபரீதமான உபயோகம் வந்து சேர்ந்தது. அணு உலைகளின் கழிவை என்ன செய்வது என்று தெரியாமல், ஆழ அகழிகளில் போட்டுவிட்டால் போதும், அங்கே தண்ணீர் அசையாது, உயிரும் இல்லை என்று 1950களில் யோசனை சொன்னார்கள். சோவியத் ஆராய்ச்சிக் கப்பல் வித்யாஸ் அகழிகளை ஆராய்ந்து, அடித்தண்ணீரும் மேல் தண்ணீரோடு கலக்கிறது என்று காட்டியது; சோவியத் விஞ்ஞானிகள் அந்த யோசனையை எதிர்த்தார்கள். எதிர்த்தது சரி. ஆனால் அதே சோவியத் யூனியன் ஆர்க்டிக் கடலில் அணுக் கழிவைக் கொட்டியிருக்கிறது என்பது 1993ல் வெளியாயிற்று. அதையும் சொல்லாமல் இருப்பது யோக்கியமாகாது. அமெரிக்கா 1946 முதல் 1970 வரை சான் பிரான்சிஸ்கோ நகருக்கு அப்பால் மட்டும் 47,000க்கு மேற்பட்ட பீப்பாய்களைக் கடலில் தள்ளியது. எல்லா அணுக் கழிவையும் கடலில் கொட்டத் தடை வந்தது 1993ல்தான்.

கொட்டியது போய்ச் சேராமல் இருக்குமா? டிரான்ஸ்பார்மர்களில் எண்ணெயாக உபயோகித்து, 1970களில் பல நாடுகள் தடை செய்த பி.சி.பி. என்ற விஷம் மரியானா அகழியின் சிறு பிராணிகளின் உடலில் இருப்பதாக 2017ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. சீனாவில் மிகவும் அசுத்தமான ஓர் ஆற்றின் தண்ணீர் பாயும் நெல்வயல்களில் பிடித்த நண்டுகளில் இருந்ததைப் போல் 50 மடங்கு விஷம் அவற்றில் இருந்தது. மேலே வெடித்த அணுகுண்டுகளின் தடயமும் அகழிப் பிராணிகளின் சதையில் உண்டு. சுமார் 10,900 மீட்டர் ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் பையும் கிடந்தது.

வாயில்லாப் புழு

மிகப் பெரிய அதிசயம் 1977 பிப்ரவரியில் கிடைத்தது. தென் அமெரிக்காவுக்கு மேற்கே காலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, ஆல்வின் என்ற சிறு நீர்மூழ்கியில் பூமியின் பாறைகளை ஆராயப் போனார்கள். சுமார் 2,500 மீட்டரில், கடலடி வெடித்து வெந்நீர் கசியும் இடத்தில், தோட்டம் போட்டது போல் உயிர்கள் மண்டிக் கிடந்தன. கப்பலில் ஒரு பிராணி நூல் நிபுணர்கூட இல்லை. உயிர் இருக்கும் என்று எதிர்பார்த்தால்தானே அழைத்துப் போவார்கள்! பிடித்த பிராணிகளைக் கெடாமல் வைக்க மருந்து போதாமல், வாங்கி வைத்திருந்த ருஷ்ய வோட்காவில் போட்டு வைத்தார்கள்.

அங்கே இருந்த குழாய்ப் புழு ஆள் உயரம் வளர்வது. அதற்கு வாய் இல்லை, குடல் இல்லை. பிறகு எப்படிப் பிழைக்கிறது? புழுவின் உடலுக்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை வெந்நீரில் வரும் கந்தக வாயுவை, அழுகிய முட்டை நாற்றம் வீசும் அதே வாயுவை, எரிபொருளாக்கி உணவு தயாரிக்கின்றன. புழு தன் சிவந்த ரத்தத்தில் வாயுவைச் சுமந்து கொண்டுபோய் அவற்றுக்குக் கொடுக்கிறது என்று 1981ல் விடை சொன்னவர் காலின் காவனா என்ற பெண். அப்போது அவர் ஹார்வர்டில் மாணவி. உயிருக்கெல்லாம் ஆதாரம் சூரியன் என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பாடத்துக்கு அங்கே ஒரு விலக்கு இருக்கிறது.

1979ல் இன்னொரு இடத்தில் ஆலைப் புகைபோக்கி போலக் கரும்புகை கக்கும் ஊற்றுகளைக் கண்டார்கள். வெப்பம் அளக்க நீட்டிய கருவியின் பிளாஸ்டிக் உருகிவிட்டது. தண்ணீரின் சூடு 350 டிகிரிக்கு மேல். அழுத்தத்தால் அது கொதிக்காமல் நிற்கிறது. நம்முடைய இந்து மகா சமுத்திரத்திலும் இத்தகைய ஊற்றுகள் உண்டு. கால் முழுவதும் இரும்புச் செதில் போர்த்திய ஒரு நத்தை அங்கே வாழ்கிறது. 2001ல்தான் மனிதன் அதைப் பார்த்தான். 2019ல் அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் சர்வதேசப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டி வந்தது. காரணம் கடலடிச் சுரங்கம்: அது வாழும் சில இடங்களில் கனிமம் தேட ஏற்கெனவே லைசென்ஸ் கொடுத்தாயிற்று. ஓர் உயிரைக் கண்டுபிடித்த 18 வருஷத்தில் அது ஆபத்துப் பட்டியலுக்குப் போய்விட்டது.

2025 ஜூலையில் வெளியான ஓர் ஆராய்ச்சி இன்னும் புதிது. சீனாவின் பெண்தௌச்சே என்ற நீர்மூழ்கி வடமேற்குப் பசிபிக்கின் அகழிகளில் 9,533 மீட்டர் வரை, இதே விதமாக ரசாயனத்தை உண்டு வாழும் புழுக்களையும் சிப்பிகளையும் கூட்டம் கூட்டமாகக் கண்டது. இவ்வளவு ஆழத்தில் இப்படிப்பட்ட குடியிருப்பு இருக்கும் என்று அதுவரை யாரும் காணவில்லை.

கட்டிகள்

இப்போது கம்பெனியின் மனுவுக்கு வருவோம். அது கேட்கும் கட்டிகள் உருளைக்கிழங்கு அளவிலானவை. மாங்கனீசும் இரும்பும், அவற்றோடு நிக்கல், தாமிரம், கோபால்ட்டும் உள்ளவை. சாலஞ்சர் கப்பலே 1873ல் இவற்றை எடுத்தது. ஒரு சுறாப் பல்லையோ சிப்பித் துண்டையோ சுற்றி, கடல் நீரில் கரைந்த உலோகம் படிந்து படிந்து உண்டாகிறது. பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு கட்டி கையளவுக்கு வருவதற்குள் மனித இனமே தோன்றி, நிமிர்ந்து நடந்து, நெருப்பைக் கண்டு, மில் கட்டிவிட்டது!

அந்தச் சேற்றுவெளியில் கெட்டியான பொருள் இந்தக் கட்டிகள்தான். கடற்பஞ்சுகளும் பவளங்களும் பற்றிக்கொள்ள வேறு இடம் இல்லை. கிளேரியன்-கிளிப்பர்ட்டன் பிரதேசத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பிராணி இனங்கள் இருப்பதாக 2023ல் கணக்கெடுத்தார்கள். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு விஞ்ஞானத்தில் இன்னும் பெயரே வைக்கவில்லை. பெயர் தெரியாதவர்களை வெளியேற்ற நோட்டீஸ்கூடத் தேவையில்லை போலும்.

அள்ளும் யந்திரம் டாங்கி போல ஊர்ந்து, கட்டிகளை மேல் மண்ணோடு உறிஞ்சி, குழாய் வழியாகக் கப்பலுக்கு ஏற்றும். கிளறிய சேறு மேகமாகக் கிளம்பிச் சுற்றுப்புறத்தில் படியும். 1979ல் இப்படி ஒரு சிறு பரீட்சை நடந்தது. 44 வருஷத்துக்குப் பிறகு 2023ல் அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். யந்திரத்தின் தடம் நேற்றுப் போட்டது போல இருந்தது. சில சிறு பிராணிகள் திரும்பி வந்திருந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டியோடு ஒட்டி வாழ்ந்த பெரிய உயிர்கள் திரும்பவில்லை. கட்டியே இல்லாதபோது எங்கே திரும்புவது?

பட்டா கொடுப்பது யார்?

1967 நவம்பர் 1ந் தேதி, மால்டா என்ற சின்னஞ்சிறு தீவு நாட்டின் பிரதிநிதி அர்விட் பார்டோ ஐ.நா. சபையில் எழுந்து, நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட கடலடி மனித குலத்தின் பொதுச் சொத்தாக வேண்டும் என்றார். வல்லரசுகள் முந்திக்கொள்ளும் முன் இதைச் செய்ய வேண்டும் என்பது அவர் கவலை. 1970ல் ஐ.நா. பொதுச் சபை அந்தத் தத்துவத்தைத் தீர்மானமாக ஏற்றது. ஒரு நாடும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. 1982ல் கடல் சட்ட ஒப்பந்தத்தில் அது ஷரத்தாக ஏறியது. கடலடியை நிர்வகிக்க ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ஒரு சர்வதேச ஆணையம் அமைந்தது. ஏழை நாடுகளுக்கும் தொழில் நுட்பத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. இதைத்தான் ரீகன் சர்க்கார் பொறுக்கவில்லை. கையெழுத்துப் போட மறுத்தது. பணக்கார நாடுகளைத் திருப்திப்படுத்த 1994ல் அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். நீக்கிய பிறகும் அமெரிக்கா ஒப்பந்தத்தில் சேரவில்லை. சேராத நாடு இப்போது அந்தப் பொதுச் சொத்துக்கு லைசென்ஸ் எழுதுகிறேன் என்கிறது.

இடையில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1974ல் குளோமார் எக்ஸ்புளோரர் என்ற பிரமாண்டமான கப்பல் கட்டிகளை அள்ளப் போவதாக ஊர் உலகமெல்லாம் விளம்பரம் செய்துகொண்டு பசிபிக்குக்குப் போனது. உண்மையில் அது அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் கப்பல். சுமார் 5,000 மீட்டரில் மூழ்கிக் கிடந்த ஒரு சோவியத் நீர்மூழ்கியைத் திருடப் போனது. பொய்க்குச் சொன்ன தொழிலை நிஜம் என்று நம்பி ஆர்வம் கொண்டவர்களும் இருந்தார்கள்.

நம்மை மிகவும் உறுத்துவது நவ்ரூ தீவின் கதை. 21 சதுர கிலோமீட்டர், சுமார் 12,000 ஜனங்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்று நாடுகளும் சேர்ந்து பல பத்தாண்டுகள் அந்தத் தீவின் பாஸ்பேட்டைச் சுரண்டி எடுத்துத் தங்கள் வயல்களுக்கு எருவாக்கின. தீவின் பெரும் பகுதி கூரான பாறைக் காடாகிவிட்டது. 1989ல் நவ்ரூ ஆஸ்திரேலியாவை உலகக் கோர்ட்டுக்கு இழுத்தது. 1993ல் சமரசம் செய்துகொண்டார்கள். நிலம் போன அந்த நாடு, பிழைக்க வழியில்லாமல், 2021ல் மெட்டல்ஸ் கம்பெனியின் கிளைக்கு ஆதரவு நாடாக நின்று, இரண்டு வருஷத்தில் சுரங்க விதிகளை முடியுங்கள் என்று ஆணையத்துக்குக் கெடு வைத்தது. நவ்ரூ மக்களை நாம் குறை கூற மாட்டோம். கையில் ஒன்றும் இல்லாதவனிடம் கைநாட்டு வாங்கும் முறை நம் ஊரிலும் உண்டு. அந்தக் கெடு போன பிறகும், 2025 முடியும் வரை விதிகள் முடியவில்லை; எந்தக் கம்பெனிக்கும் அள்ளும் உரிமையை ஆணையம் கொடுக்கவும் இல்லை.

கம்பெனிகளிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதைத் தட்டிக் கழிக்க நாம் விரும்பவில்லை. "மின்சார வண்டிக்கு பாட்டரி வேண்டும். பாட்டரிக்கு நிக்கல், கோபால்ட் வேண்டும். காங்கோவில் குழந்தைகள் மண்வெட்டியால் கோபால்ட் தோண்டுகிறார்கள். கடலடியில் குழந்தைகள் இல்லை" என்கிறார்கள். காங்கோக் குழந்தைகளின் துயரம் மெய். ஆனால் கடலில் அள்ள ஆரம்பித்தால் காங்கோவில் சுரங்கத்தை மூடி, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவதாக எந்தக் கம்பெனி எழுதிக் கொடுத்தது? விலை விழுந்தால் அங்கே கூலி இன்னும் குறையும், அவ்வளவுதான். மேலும், நிக்கலும் கோபால்ட்டும் இல்லாமல் இரும்பும் பாஸ்பேட்டும் கொண்டு செய்யும் பாட்டரி வந்து பல காலமாயிற்று. 2024ல் உலகத்தின் மின்சார வண்டிப் பாட்டரிகளில் கிட்டத்தட்டப் பாதி அந்த வகைதான். தேவை என்று சொல்லப்படுவதே மாறிக்கொண்டிருக்கும்போது, லட்சக்கணக்கான வருஷத்தில் உண்டானதை அவசரமாக அள்ளுவானேன்?

நம் தோழர்களில் சிலர் வேறொரு கேள்வி கேட்பார்கள். "இந்தியாவும்தானே இதில் இருக்கிறது? வல்லரசுகள் மட்டும் அள்ள, நாம் பார்த்துக்கொண்டிருப்பதா?" நியாயமான கேள்வி. 1981 ஜனவரி 26ந் தேதி நம் கவேஷணி கப்பல் இந்து மகா சமுத்திரத்திலிருந்து முதல் கட்டிகளை எடுத்தது. 1987ல் முன்னோடி நாடாக உலகில் முதலில் பதிவு பெற்றது இந்தியாதான். 2002ல் ஆணையத்தோடு ஒப்பந்தம் செய்தது; இன்று 75,000 சதுர கிலோமீட்டரில் ஆராயும் உரிமை நம்மிடம் இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில் நுட்ப நிலையம் மூன்று பேரை 6,000 மீட்டருக்கு இறக்கும் மத்ஸ்யா என்ற கலத்தை உருவாக்கி வருகிறது. அதன் ஆட்கள் அமரும் உருண்டை 80 மில்லிமீட்டர் கனமுள்ள டைட்டானியம். டிக்கெட் விற்ற கம்பெனியின் கதையை மேலே சொன்னோம். நம் பொது ஸ்தாபனத்தின் விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும் பரீட்சைக்கு மேல் பரீட்சையாக வைத்து, நிதானமாகப் போகிறார்கள். இதை நாம் மனமார வரவேற்கிறோம். 2024 டிசம்பரில் இதே ஸ்தாபனத்தின் யந்திரம் இந்து மகா சமுத்திரத்தில் சுமார் 4,500 மீட்டரில் ஒரு வெந்நீர் ஊற்றைப் படம் பிடித்தது. இன்னும் நூறு படம் பிடிக்கட்டும்.

ஆனால் அதே நிலையம் 2021ல் வராஹா என்ற அள்ளும் யந்திரத்தையும் 5,270 மீட்டரில் ஓட்டிப் பார்த்திருக்கிறது. பார்க்கும் கலத்துக்கும் அள்ளும் யந்திரத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஆராய்ச்சிக்கு என்று ஒதுக்கிய பணத்தில் வழி போட்டுவிட்டு, வழி முடிந்ததும் சாவியைத் தனியார் கையில் கொடுப்பது நிலக்கரியில் நாம் பார்த்த காட்சி. ஆபனாசி நிகிதின் என்ற கடலடி மலைக்கும் (500 வருஷத்துக்கு முன் நம் நாட்டுக்கு வந்த ருஷ்ய வியாபாரியின் பெயர் அது) இந்தியா 2024ல் மனுப் போட்டது; இலங்கை அந்த இடம் தன் கடலடித் திட்டைச் சேர்ந்தது என்கிறது. அள்ளும் அவசரம் வந்துவிட்டால் பக்கத்து வீட்டோடும் வரப்புச் சண்டைதான்.

பெயர் வைத்து முடியும் வரை, 1979ன் தடம் மாறுமா மாறாதா என்று தெரியும் வரை, அள்ளுவதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று 2025க்குள் முப்பதுக்கு மேற்பட்ட நாடுகள் சொல்லிவிட்டன. பிரான்சும், ஜெர்மனியும், பிரேசிலும், பசிபிக்கின் சிறு தீவுகளான பலாவும் பிஜியும் அவற்றில் உண்டு. டிரம்ப் உத்தரவு வந்த அந்த வருஷத்தில் கிங்ஸ்டனில் ஆணையம் கூடியபோது, அந்த வரிசையில் இந்தியாவின் பெயர் இல்லை.